கற்பூர லாயர்

ஆண்டுக்கு ஒருமுறை, பரீட்சை முடிவு வந்த கையோடு, யாராவது ஒருவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுப் படியேறி விடுகிறார்கள். "லாயருக்குப் படிக்க வைக்கலாமாக்கா? பிழைச்சுக்குவானா?" என்று கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு லாயர் இருந்தார் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். அவர் எப்படிப்பட்ட லாயர் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்கள். நான் கோப்பி போட்டுக் கொடுத்து, உட்கார வைத்து, அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பேன். பாதிப் பேர் நான் முடிப்பதற்குள் பையனை டாக்டருக்குப் படிக்க வைப்பதாக முடிவு செய்துகொண்டு எழுந்துவிடுவார்கள். மிச்சம் பேருக்குக் கோப்பி இன்னொரு கப் கிடைக்கும்.

அவர் என் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான். பினாங்குக் கோர்ட்டில் மற்ற லாயர்களின் குமாஸ்தாக்கள் அவரைக் கற்பூர லாயர் என்பார்கள். அந்தப் பெயர் ரிக்‌ஷாக்காரர்கள் வரைக்கும் பரவியிருந்தது. கிட்டங்கித் தெருவில் கற்பூர லாயர் வீடு என்றால் போதும், கதவு நம்பர் வேண்டாம். அத்தானுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "நம்பரை மறந்திடுவாங்க, வாசனையை மறக்க மாட்டாங்க லா," என்பார்.

அவரை லாயராக்கியது எங்கள் அப்பா. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஐந்து தொங்காங் ஓடியது. நடுக்கடலில் நிற்கிற கப்பலிலிருந்து மூட்டைகளை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் பெரிய படகைத்தான் தொங்காங் என்போம். புயல், மழை, கூலிக்காரர்களின் சண்டை எதற்கும் அஞ்சாத அப்பா, ஓர் இங்கிலீஷ் காகிதத்தைக் கண்டால் மட்டும் நடுங்குவார். துறைமுக ஆபீசிலிருந்து கடிதம் வந்தால் அதைப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டு, படிக்கத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். எங்கள் வீட்டிலோ நாங்கள் இரண்டும் பெண்கள். ஆகவே தூரத்துச் சொந்தத்தில், தாய் தகப்பன் இல்லாத, பள்ளிக்கூடத்தில் பரிசுமேல் பரிசாக வாங்கிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்து, அக்காவுக்கு என்று பேசி முடித்து, சீமைக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். "நாளைக்கு எந்தத் துரை காகிதம் அனுப்பினாலும், என் மாப்பிள்ளை அதே இங்கிலீஷ்ல திருப்பி அடிப்பான்," என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்தவர்களில் மரைக்காயர் மாமாவும் ஒருவர். அப்பாவின் இருபது வருஷக் கூட்டாளி, பள்ளிவாசல் பக்கத்தில் அரிசி மண்டி வைத்திருந்தார். சைவச் சாப்பாட்டுப் பையன் அந்தக் குளிர் நாட்டில் எதைத் தின்று உயிர் பிழைப்பான் என்று கவலைப்பட்டு, ஒரு டப்பா நிறையப் பேரீச்சம்பழம் வாங்கி வந்து அத்தானின் கையில் திணித்தார்.

சீமையிலிருந்து வந்த முதல் கடிதமே அப்பாவைக் குழப்பிவிட்டது. "இந்தத் தவணையில் ஆறு விருந்து சாப்பிட்டு முடித்துவிட்டேன்," என்று அத்தான் எழுதியிருந்தார். அடுத்த கடிதத்தில் இன்னும் ஆறு. அங்கே பாரிஸ்டர் ஆவதற்குப் பரீட்சை மட்டும் போதாதாம். அவர்களுடைய பெரிய மண்டபத்தில், கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, இத்தனை இரவு உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்று சட்டமாம். ஆட்டுக்காலும் மாட்டிறைச்சியும் வரிசையாக வர, இவர் அவித்த உருளைக்கிழங்கை மட்டும் தின்று மூன்று வருஷத்தைக் கழித்திருக்கிறார்.

"நான் படிக்க அனுப்பினேனா, பந்திக்கு அனுப்பினேனா?" என்று அப்பா மரைக்காயர் மாமாவிடம் கேட்டார்.

"அப்போ நம்மூர்க் கல்யாணத்துல சாப்பிட்டவன் எல்லாம் லாயருதானே," என்றார் அவர். அன்றிலிருந்து எந்தக் கல்யாணப் பந்தியிலும் இரண்டாவது தடவை சோறு கேட்கிறவரைப் பார்த்து, "நல்லாப் படிங்க, நல்லாப் படிங்க," என்று சொல்வது அவர்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது.

அத்தான் திரும்பி வந்தார், கல்யாணம் நடந்தது. கிட்டங்கித் தெருவில் கீழே ஆபீசும் மேலே குடித்தனமுமாக ஒரு வீடு பிடித்துக் கொடுத்தார் அப்பா. ஒல்லியான உயரமான உடம்பு, கழுத்தை நெரிக்கிற காலர், கையில் எப்போதும் ஒரு குடை. பேச்சு மட்டும் சீமைப் படிப்புக்குப் பொருத்தமில்லாமல் மெதுவாக, மாட்டுக்குப் புல் போடுகிறவர் மாதிரி இருக்கும்.

கற்பூரம் வந்தது முதல் பெரிய கேஸில். மாடு ஒன்று யாருடையது என்று ஒரு கடைக்காரருக்கும் ஒரு பால்காரருக்கும் வழக்கு. அத்தான் கடைக்காரர் பக்கம். பால்காரரைக் கூண்டில் ஏற்றி, மாடு எந்த மாசம் வாங்கினாய், அன்றைக்கு என்ன கிழமை, கூட யார் இருந்தார்கள் என்று இங்கிலீஷில் அடுக்கினார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி போய்விடும். பால்காரர் திணறிப்போய் ஏதேதோ உளறினார். மாடு கடைக்காரருக்கு என்று தீர்ப்பு ஆனது. முதல் வெற்றி என்று அப்பா மாலையோடு கோர்ட்டு வாசலில் நின்றார்.

அந்தப் பால்காரர் வெளியே வந்தார். மடியிலிருந்து ஒரு கட்டிக் கற்பூரத்தை எடுத்துக் கோர்ட்டுப் படியிலேயே வைத்துக் கொளுத்தினார். "மாடு என்னுது, ஆத்தா மேல சத்தியம்," என்று சொல்லி உள்ளங்கையால் படீர் என்று அடித்து அணைத்தார். பிறகு இன்னொரு கட்டியை வைத்து ஏற்றி, கடைக்காரரைப் பார்த்து, "நீங்க அணைங்க மொதலாளி," என்றார். எங்கள் ஆட்களுக்குக் கோர்ட்டில் புத்தகத்தைத் தொட்டுச் சொல்கிற சத்தியம் வேறு, கற்பூரத்தை அணைத்துச் சொல்கிற சத்தியம் வேறு. முன்னதை நாக்கு நுனியில் சொல்லிவிட்டுப் போவார்கள். பின்னதில் பொய் சொன்னால் குடும்பமே அழியும் என்று ரத்தத்தில் ஊறிய பயம் இருக்கிறது. கடைக்காரர் கற்பூரத்தைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார். காவலுக்கு நின்ற மாத்தா, போலீஸ்காரன், ஓடிவந்து, படியில் நெருப்பு வைக்கக்கூடாது என்று பால்காரரை விரட்டினான்.

அத்தான் கழுத்தில் மாலையோடு அப்படியே நின்றார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு டப்பாக் கற்பூரம் வாங்கிவந்து மேஜை டிராயரில் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பால் அந்தப் பால்காரரிடம்தான். அவர் பால் தண்ணீராகத்தான் இருக்கும். "ஒரு நாள் இவருக்கும் ஏத்துங்க உங்க கற்பூரத்தை, பால்ல தண்ணி கலக்கலேன்னு அணைக்கட்டும்," என்று அக்கா சொன்னால் அத்தானுக்குக் காது கேட்காது.

அதற்குப் பிறகு தன்னிடம் வந்த ஒவ்வொருவருக்கும் அவர் கற்பூரம் ஏற்றினார். இதை நான் அறிந்தது, அந்த வீட்டு மாடித் தரையில் இருந்த ஓர் ஓட்டையின் புண்ணியத்தில். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் மாடித் தரைப் பலகையில் ஒரு சாண் சதுரத்துக்கு வெட்டி, மூடி போட்டு வைத்திருப்பார்கள். கதவைத் தட்டுவது யார் என்று கீழே இறங்காமலே பார்த்துக்கொள்ளலாம். அந்த ஓட்டைக்கு நேர் கீழேதான் அத்தானின் மேஜை. கான்வென்டு விட்டு வந்ததும் நான் அப்பா வீட்டுக்குப் போகாமல் நேரே அக்கா வீட்டுக்குத்தான் ஓடுவேன். நானும் அக்காவும் குப்புறப் படுத்துக்கொண்டு, தலைகளைப் பார்ப்போம். வழுக்கை, தலைப்பாகை, தொப்பி, குடுமி. முகம் தெரியாது. ஆனால் மேஜையும், பீங்கான் தட்டும், கைகளும் நன்றாகத் தெரியும்.

வந்தவர் கதை முழுவதையும் சொல்ல விடுவார் அத்தான். குறுக்கே பேச மாட்டார். பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்வார். அதற்கும் பிறகுதான் டிராயரைத் திறப்பார். "நான் உண்மையைக் கேக்கல. அது கோர்ட்டு வேலை. உங்க கை இறங்குதான்னு மட்டும் எனக்குத் தெரியணும்," என்பார். கை இறங்கியவர்களின் கேஸை எடுத்துக்கொண்டு புலியாகச் சண்டை போடுவார். மற்றவர்கள் கோபித்துக்கொண்டோ, அவசர வேலை ஞாபகம் வந்தோ போய்விடுவார்கள். எங்கள் கணக்கில் பத்துப் பேர் வந்தால் ஆறு பேருக்கு அவசர வேலை இருந்தது.

முஸ்லிம்களுக்குக் கற்பூரம் கிடையாது. "வெள்ளிக்கிழமை தொழுதுட்டு, பள்ளிவாசல்லேர்ந்து நேரா இங்க வந்து இதையே இன்னொரு தடவை சொல்லுங்க," என்பார். ஒரு சீனத் தவுக்கே, பெரிய மொதலாளி, அவர் முன்னால் ஒருநாள் தவறுதலாகத் தட்டை எடுத்து வைத்துவிட்டார். அவர் புகையைப் பார்த்துவிட்டு, "நியாமோக்?" என்று கேட்டார். கொசுவுக்கா என்று மலாயில் விசாரிக்கிறார். இத்தனை படித்த மனிதர் கொசுவுக்கு இவ்வளவு விலையுள்ள பொருளை எரிக்கிறாரே என்று அவருக்கு அத்தான் மேல் மதிப்பு கூடிவிட்டது. நாங்கள் மாடியில் வாயைப் பொத்திக்கொண்டு உருண்டோம்.

அவருடைய கறுப்பு அங்கியில் அந்த வாசனை ஏறி, போகவே இல்லை. ஒரு வெள்ளைக்கார ஜட்ஜ் இவருக்குத் தீராத ஜலதோஷம் என்று நினைத்து, இரக்கப்பட்டு, நீலகிரித் தைலம் ஒரு புட்டி கொடுத்தனுப்பினார். அத்தான் அதை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி ஒரு கடிதமும் எழுதினார்.

அவருக்கே கற்பூரம் ஏற்றியது அக்கா ஒருத்திதான். கல்யாணமான புதிதில், சீமையில் யாராவது வெள்ளைக்காரப் பெண்ணோடு பழக்கம் உண்டா என்று கேட்பதற்காகத் தட்டை எடுத்து வைத்தாள். "அங்க உங்களுக்கு..." என்று அவள் ஆரம்பித்ததுமே அத்தான் அடித்து அணைத்துவிட்டார். "கேள்வி முடியறதுக்குள்ள ஏன் அணைச்சீங்க?" என்று அதற்காக இரண்டு நாள் சண்டை நடந்தது.

ஊர் என்ன சொல்லும்? மற்ற லாயர்கள் மோட்டார் வண்டியில் போனார்கள். இவர் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். பிள்ளையைச் சட்டம் படிக்க வைக்க ஆசைப்பட்ட தகப்பன்மார் எங்கள் அத்தானைத் தூரத்தில் காட்டி, வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். அப்பாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. "நான் அனுப்பினது பாரிஸ்டருக்கு. வந்து எறங்கினது பூசாரி," என்று சிரித்தபடி சொல்வார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

அந்த நிலைமையில்தான் அப்பாவுக்கும் மரைக்காயர் மாமாவுக்கும் சண்டை வந்தது.

ஐந்து தொங்காங்கில் கடைசித் தொங்காங் மட்டும் இருவரும் சேர்ந்து வாங்கியது. பாதிப் பாதி. லைசென்ஸ் எடுக்கிற சமயத்தில் மரைக்காயர் மாமா மகள் கல்யாணத்துக்காக நாகூர் போயிருந்தார். அதனால் துறைமுக ஆபீசில் அப்பாவின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வந்தவர், "அதுக்கென்ன, யார் பேர்ல இருந்தா படகு மொதக்காதா?" என்று சொல்லி விட்டுவிட்டார். பல வருஷம் அப்படியே ஓடியது. ஒரு மழைநாளில் அதே தொங்காங்கில் வந்த அவருடைய அரிசி மூட்டைகள் நனைந்து போயின. தார்ப்பாய் போடவில்லை என்று அவர் சத்தம் போட, மூட்டையை லேட்டாக எடுத்தது உன் ஆள் என்று இவர் சத்தம் போட, கரையில் நூறு பேர் நடுவில் அப்பாவின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டது. "படகு யார் பேர்ல இருக்கு? என் பேர்ல இருக்கு. உனக்கு அதுல ஒரு பலகை கூடக் கெடையாது. கோர்ட்டுல வச்சுப் பார்த்துக்கலாம்!"

மரைக்காயர் மாமா திரும்பி மண்டிப் பக்கம் நடந்துவிட்டார். அப்பா பின்வாங்கவில்லை. நூறு பேர் முன்னால் சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது? மூன்றாம் நாள் சாயங்காலம், மழை பிடித்துக்கொண்டு கொட்டும்போது, அத்தானின் ஆபீசுக்கு வந்தார்.

அக்கா அப்போது ஏழு மாசம். குப்புறப் படுக்க முடியாமல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். நான் மூடியைத் திறந்தேன். அப்பாவின் நரைத்த தலை தெரிந்தது. எத்தனையோ தலைகளை அப்படிப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா எல்லாவற்றையும் சொன்னார். லைசென்ஸ் காகிதத்தை மேஜையில் விரித்தார். அத்தான் எடுத்து வாசித்தார்.

"சட்டப்படி எனக்குத்தானே மாப்பிள்ளே?"

"சட்டப்படி உங்களுக்குத்தான் மாமா. அவர் கையில ஒரு துண்டுக் காகிதம் இல்ல. அவர் எந்த லாயர்கிட்டப் போனாலும் இதைத்தான் சொல்லுவாங்க. ஒரே நாள்ல முடிஞ்சுடும்."

"அப்படிச் சொல்லுங்க!" அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இதுக்குத்தானே உங்களைச் சீமைக்கு அனுப்பினேன். இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒரு காகிதம் எழுதச் சொல்லியிருப்பேனா? இது ஒன்னுதான். எழுதுங்க."

அத்தான் பேனாவை எடுக்கவில்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வேணாம், வேணாம், வேணாம்," என்று கீழே இருக்கிறவருக்குக் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். டிராயர் திறக்கிற சத்தம் வந்தது. பீங்கான் தட்டு மேஜைக்கு வந்தது.

"எனக்கேவா?" என்றார் அப்பா.

"எல்லாருக்கும் மாமா."

"என் சோத்தைத் தின்னு, என் காசுல கப்பலேறி..." அப்பா எழுந்து நின்றார். அத்தானை அவர் நீ என்று சொன்னது அன்று ஒருநாள்தான். "உன்னைப் படிக்க வச்சது நான்டா!"

"தெரியும் மாமா. வேற யாருக்காவது ஒரு தடவை ஏத்தாம விட்டிருந்தேன்னா, உங்களுக்கும் ஏத்தாம விட்டிருப்பேன்." தீக்குச்சி இரண்டு தடவை உரசியும் பற்றவில்லை, மூன்றாவதில் பற்றியது. "முழுப் படகும் உங்களுதுன்னு சொல்லி அணைங்க. இப்பவே எழுதித் தர்றேன்."

அப்பா கையைத் தூக்கினார். அப்பா அணைத்துவிட்டால் பொய்ச் சத்தியம், வயிற்றுப் பிள்ளைக்காரி மேலே படுத்திருக்கிறாள். அணைக்காவிட்டால் தன் மாப்பிள்ளையிடமே தோற்றுப்போய் எழுந்து போக வேண்டும், பிறகு இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் அக்கா நிற்க வேண்டும். ஒரு கட்டிக் கற்பூரம் எரிந்து முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கை மேஜைக்கு ஒரு முழம் மேலேயே நின்றது. இறங்கவில்லை, மடங்கவும் இல்லை. சுடர் சிறுத்து, நீலமாகி, தானே அணைந்தது. தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் கிடந்தது.

அப்பா காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். குடையை மறந்துவிட்டார். வீட்டு வாசல்களை ஒட்டி ஓடுகிற கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியில் ஒதுங்கிக்கூட நிற்காமல் நடுத்தெருவில், மழையில் நனைந்துகொண்டே போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அத்தான் மேல் அன்று வந்த கோபம் சொல்லி மாளாது. தன் நேர்மையைக் காட்ட வேறு ஆளா கிடைக்கவில்லை?

அக்கா மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. நாலாம் நாள் பேசியபோது, "இந்தப் படிப்புக்குப் பதிலா அப்பா இன்னொரு தொங்காங் வாங்கி விட்டிருக்கலாம். அதாவது சொன்ன இடத்துக்குப் போகும்," என்றாள். அத்தான் என்னிடம், சமையலறை வாசலில் நின்று, "தப்புப் பண்ணிட்டேனாம்மா?" என்று கேட்டார். நான் பாத்திரம் தேய்த்தேன். குடையையாவது கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றதற்கு, "இருக்கட்டும். நானே குடுக்கிறேன்," என்றார்.

அப்பா அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைக்க வேண்டும், தகப்பன் வரவேண்டும். அம்மா அழுது பார்த்தாள். அப்பா ரிக்‌ஷாவை மட்டும் அனுப்பினார். அக்கா தனியாகத்தான் தாய்வீடு வந்தாள். அத்தான் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு அஞ்சடிக்கு வந்து நிற்பார். "எப்படி இருக்கா?" என்று என்னிடம் கேட்பார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, படியேறாமல் திரும்பிப் போவார். அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தானே சமைத்துத் தின்கிறார், அதுவும் உருளைக்கிழங்கைத்தான் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

தொங்காங் கேஸ் என்ன ஆனது என்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா வேறு லாயரிடம் போய்விட்டார் என்று ஒரு பேச்சு அடிபட்டது. ஊரில் லாயருக்கா பஞ்சம்? மரைக்காயர் மாமாவின் மண்டியைத் தாண்ட வேண்டியிருந்தால் அப்பா சுற்றுவழியில் போனார். வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் துணிவில்லை. லைசென்ஸ் காகிதம் பழையபடி பூஜை மாடத்திலேயே இருந்தது. இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் பெயர் வைக்க வேண்டும். குழந்தையின் காதில் தகப்பன் சொல்லாமல் வேறு யார் சொல்வது என்று அம்மா ஒரே பிடியாக நின்று அத்தானுக்கு ஆள் அனுப்பிவிட்டாள். அவர் வந்தார். கையில் இரண்டு குடை. அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அத்தான் ஒரு குடையை அவர் முன்னால் நீட்டினார். அப்பா வாங்கி, திறந்து பார்த்து, மடக்கி, ஆணியில் மாட்டினார். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு இலை போடுகிற நேரத்தில் படியில் இன்னொரு காலடிச் சத்தம். மரைக்காயர் மாமா. அவரை அழைத்தது யார் என்று தெரியவில்லை. அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். கோர்ட்டு நோட்டீசோடு வந்திருப்பாரோ என்றுகூட என் மனசில் ஓடியது. அவர் கையில் இருந்தது பேரீச்சம்பழ டப்பா. யாரையும் பார்க்காமல் வாசல் பக்கம் கடைசிப் பாயில், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அத்தான் குழந்தையின் காதில் பெயரை மூன்று தடவை சொன்னார். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவின் மடியில் போட்டாள். அவள் வேண்டுமென்றேதான் செய்தாள். அப்பா அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அத்தானைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தது.

"மாப்பிள்ளே," என்றார் அப்பா. மூன்று மாசத்துக்குப் பிறகு முதல் சொல். "இவளையும் சீமைக்கு அனுப்பணும். நீங்க படிச்ச படிப்பையே படிக்கட்டும்."

கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். பெண்பிள்ளையைப் பாரிஸ்டருக்கா? அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"வேணாம் மாமா," என்றார் மெதுவாக. "அதுல வருமானம் இல்ல. உங்களுக்கே தெரியும்."

அப்பா நிமிரவில்லை. குழந்தையின் விரலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே, வாசல் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"வருமானத்துக்குத்தான் அரைத் தொங்காங் இருக்கே."

மரைக்காயர் மாமா எழுந்து வந்தார். பேரீச்சம்பழ டப்பாவை ஊஞ்சலில் வைத்துவிட்டு, அப்பாவை நகரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.